கழற்றத் தோன்றாத கையுறை

திருப்பூரின் பெரிய பனியன் கம்பெனி எதன் கட்டிங் பிரிவுக்குப் போனாலும் எஃகு வளையங்களைக் கோத்துப் பின்னிய கையுறை ஒன்றைப் பார்க்கலாம். அடுக்கிய துணியைக் கத்தி இயந்திரம் அறுத்துக்கொண்டு போகும்போது, துணியை அழுத்திப் பிடிக்கும் கையில் அதை மாட்டியிருக்க வேண்டும் என்பது விதி. வெளிநாட்டு பையர்களின் சார்பில் தணிக்கைக்கு வருகிறவர்கள் தவறாமல் கேட்கும் பொருளும் அதுதான். ஆனாலும் கை கனக்கிறது, வேகம் குறைகிறது, துணியின் ஓரம் விரலுக்குத் தெரியவில்லை என்று அதைக் கழற்றி மேசையோரம் வைத்துவிடுவது இந்தத் தொழிலில் எல்லோரும் அறிந்த பழக்கம். கத்தியைத் தடுக்காது என்று எண்ணி யாரும் கழற்றுவதில்லை. கைக்கு ஒத்துவராததால்தான் கழற்றுகிறார்கள். இருசக்கர வாகனத்துக்குத் தோல் கையுறை வாங்கப் போகிறவர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது இதுவே. பாதுகாப்பு வேண்டுமானால் வசதியை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த எண்ணம் தவறு என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். உறுத்தும் கையுறை இரண்டு வாரத்தில் வண்டியின் டிக்கிக்குப் போய்விடும்; அங்கே கிடக்கிற கையுறை எவ்வளவு விலை உயர்ந்ததானாலும் யாரையும் காப்பதில்லை. அளவு பெரிதாகித் தொளதொளவென்று இருக்கும் கையுறையோ, கீழே விழும் நொடியிலேயே கையை விட்டுக் கழன்று போகும். நாள்தோறும் கையில் தங்குவதும் விழும்போது கையில் நிற்பதும் பொருத்தத்தின் இரண்டு பலன்கள்.

வேலம்பாளையத்திலிருந்தும் அனுப்பர்பாளையத்திலிருந்தும் காலை ஷிப்டுக்குக் கிளம்பி அவிநாசி ரோட்டில் சேரும் வண்டிகளில் தலைக்கவசம் ஓரளவு பழக்கமாகிவிட்டது. கைகள் மட்டும் வெறுமையாகவே இருக்கின்றன. பெண்கள் பலர் முழங்கை வரை நீளும் துணிக் கையுறை போடுகிறார்கள். அது வெயிலுக்கானது, சாலைக்கானது அல்ல. 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அதே ஆண்டில் 64,105 விபத்துகளோடு எண்ணிக்கையில் முதலிடத்தில் இருந்தது தமிழ்நாடு. உயிரைக் காக்கும் வேலை தலைக்கவசத்தினுடையது. கையுறை அதற்கு மாற்றாகாது. கையுறை காப்பது வேறொன்றை. மணலில் சறுக்கினாலும் நாய் குறுக்கே ஓடினாலும் விழுகிறவர் முதலில் கையைத்தான் ஊன்றுகிறார். அது யோசித்துச் செய்வதல்ல, தடுக்கவும் முடியாது. உள்ளங்கைத் தோல் தடிமனானது, மயிரற்றது, அடியிலுள்ள நார்ப்படலத்தோடு இறுகப் பிணைந்தது, தொடுவுணர்வு நரம்பு முனைகள் செறிந்தது. அது உரிந்துபோனால் தொடையிலிருந்து எடுத்து ஒட்டும் தோல் காயத்தை மூடுமே தவிர, பழைய உணர்வை அப்படியே தராது. ஓவர்லாக் மெஷினில் துணியை நகர்த்துகிறவருக்கும், செக்கிங் மேசையில் துணியைத் தடவியே குறை கண்டுபிடிக்கிறவருக்கும் அந்த உணர்வுதான் தொழில். பீஸ் ரேட்டில் வேலை செய்யும் டைலருக்கு, கையில் கட்டோடு கழியும் ஒவ்வொரு வாரமும் கூலியில்லாத வாரம். மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் படகு வடிவில் ஒரு சிற்றெலும்பு இருக்கிறது. கை ஊன்றி விழுகிறவர்களுக்கு அது முறிவது சாதாரணம். முதல் எக்ஸ்ரேயில் அந்த முறிவு தெரியாமலே போவதுண்டு. இரத்தம் அந்த எலும்புக்குள் விரல் பக்க முனையிலிருந்து பின்னோக்கிப் பாய்வதால், முறிந்த துண்டு ஒட்டாமல் போகும் அபாயமும் உண்டு.

கையுறை உண்மையில் உதவுகிறதா என்பதற்கு ஓரளவு நல்ல சான்று ஆஸ்திரேலியாவிலிருந்து கிடைக்கிறது. கான்பெராவிலும் அதைச் சுற்றியும் 2008–2009இல் விபத்துக்குள்ளான 212 மோட்டார் சைக்கிள் ஓட்டிகளை லிஸ் டி ரோம் தலைமையிலான குழு ஆராய்ந்து 2011இல் முடிவுகளை வெளியிட்டது. மோட்டார் சைக்கிளுக்கென்றே செய்த கையுறையோடு விழுந்தவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்படும் வாய்ப்பு, அது இல்லாமல் விழுந்தவர்களோடு ஒப்பிட்டால் பாதிக்கும் குறைவாக இருந்தது. மோதல் காப்பு பதித்த கையுறை அணிந்தவர்களுக்குக் கை, மணிக்கட்டுக் காயங்களின் அபாயம் 45 விழுக்காடு குறைந்தது. கையுறை வாங்கிப் போடுகிறவர் இயல்பிலேயே நிதானமானவர், அதனால்தான் அவருக்குக் காயம் குறைவு என்று ஒருவர் மறுக்கலாம். ஆனால் இங்கே ஒப்பிடப்பட்டவர்கள் எல்லோருமே விழுந்தவர்கள். விபத்தைத் தவிர்க்கும் நிதானம் இந்தக் கணக்குக்குள் வருவதில்லை. விழுந்த வேகத்தில் வேறுபாடு இருந்திருக்கலாம், கையுறை போட்டவர்கள் நல்ல ஜாக்கெட்டும் போட்டிருக்கலாம் என்பதை ஏற்றுக்கொள்ளலாம். அப்படிக் கழித்துப் பார்த்தாலும் கையின் காயம் குறைந்ததற்கு ஜாக்கெட் காரணமாக முடியாது. அதே ஆய்வில் வாங்குகிறவருக்கு இன்னும் பயனுள்ள ஓர் எண் இருக்கிறது: விபத்தில் சிக்கிய கையுறைகளில் 25.7 விழுக்காடு சேதமடைந்து தம் வேலையைச் செய்யத் தவறின. நான்கில் ஒன்று! கையுறை என்ற பெயர் மட்டும் போதாது, எந்தக் கையுறை என்று பார்த்தாக வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டியதில்லை.

பின்னலாடை ஊரில் எழும் முதல் கேள்வி, துணியே போதாதா என்பது. நல்ல கனமான இன்டர்லாக் துணியில் தைத்தால் என்ன? பின்னல் துணி வளையம் வளையமாகக் கோத்த நூல். ஒரு வளையம் அறுந்தால் அடுத்தது நழுவும், ஓட்டை ஓடும். மெஷின் ஓட்டுகிறவர்கள் தினமும் காண்பது இது. பருத்தி, சாலையின் ஜல்லி முனையில் தேய்ந்து ஒரு விநாடி தாங்கினாலே அதிகம். பாலியெஸ்டரும் நைலானும் தேய்வதோடு உருகவும் செய்கின்றன. நைலான் வகைக்கேற்ப 220 முதல் 260 டிகிரி செல்சியஸ் வரையிலும், பாலியெஸ்டர் 255 டிகிரி அளவிலும் உருகும். உருகியது காயத்தில் ஒட்டிக்கொள்ளும். தோலில் நூலும் இல்லை, வளையமும் இல்லை. கொலாஜன் இழைகள் மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கின்றன. ஓரிடத்தில் அறுந்தாலும் பக்கத்து இழைகள் பிடித்துக்கொள்கின்றன, உருகுவதும் இல்லை. எவ்வளவு நேரம் தாங்க வேண்டும் என்பதையும் கணக்கிடலாம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் விழுகிறவர் தார்ச்சாலையில் உரசி நிற்க ஏறத்தாழ இரண்டு விநாடி ஆகும். பத்து மீட்டர் தூரம் இழுபடுவார். 60 கிலோமீட்டரில் கிட்டத்தட்ட மூன்று விநாடி, இருபது மீட்டருக்கு மேல். ஐரோப்பியத் தரமான ஈஎன் 13594, விநாடிக்கு எட்டு மீட்டர் வேகத்தில் ஓடும் சொரசொரப்பான பெல்ட்டின் மேல் உள்ளங்கைப் பகுதியை வைத்துச் சோதிக்கிறது: முதல் நிலைக்கு நான்கு விநாடி, இரண்டாம் நிலைக்கு எட்டு விநாடி ஓட்டை விழாமல் தாங்க வேண்டும். பெல்ட் வேகம் குறையாமல் ஓடுகிறது, சாலையில் உடலின் வேகம் குறைந்துகொண்டே வருகிறது; ஆகவே சோதனை விநாடியும் சாலை விநாடியும் ஒன்றல்ல. ஆனால் எது எதைவிட நெடுநேரம் தாங்கும் என்பதை அது நேர்மையாகச் சொல்லிவிடுகிறது.

தோலிலும் எல்லாத் தோலும் ஒன்றல்ல. தமிழ்நாட்டுக்கு இந்தத் தொழில் புதிதல்ல: ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, திண்டுக்கல், பக்கத்து ஈரோடு என்று பதனிடும் ஊர்கள் பல, சென்னை அடையாறில் 1948 முதல் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இயங்குகிறது. கையுறைக்கு நம் தட்பவெப்பத்தில் என் பரிந்துரை வெள்ளாட்டுத் தோல். அதன் இழைகள் நெருக்கமானவை. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமனிலேயே நல்ல வலு இருக்கும், விரல் மடங்குவதற்கும் தடை செய்யாது. மாட்டுத்தோல் தடிமனுக்குத் தடிமன் கூட்டி இன்னும் நெடுநேரம் தேய்வைத் தாங்கும். ஆனால் பழகிக் குழைய மாதங்கள் ஆகும், கிளட்ச்சைப் பிடித்துப் பிடித்து விடும் நகர ஓட்டத்தில் அந்த மாதங்களுக்குள் பலர் பொறுமை இழந்துவிடுகிறார்கள். செம்மறித் தோல் கடையில் தொட்டவுடன் மயக்கும். மிருதுவானது, நன்றாக நெகிழும். ஆனால் அதன் இழையமைப்பு தளர்வானது, எளிதில் கிழியும், உள்ளங்கைக்கு அது ஆகாது. ஸ்பிளிட் என்பது, தடித்த தோலைக் கிடைமட்டமாகப் பிளந்து மேற்பரப்பை எடுத்தபின் எஞ்சும் அடிப்பகுதி. வலுவில் பெரும்பங்கு மேற்பரப்பை ஒட்டியே இருப்பதால் அடிப்பகுதி பலவீனமானது. ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும் வெல்டிங் கையுறை பெரும்பாலும் இதில் செய்ததுதான். தீப்பொறிக்கு அது சரி. பிரேக் லீவருக்கு மிகத் தடிமன். ஸ்பிளிட்டின் மேல் பிளாஸ்டிக் பூச்சைப் பூசி வழவழப்பாக்கி ‘அசல் தோல்’ என்று விற்பதும் உண்டு. வெட்டிய ஓரம் தெரியும் இடத்தைத் தேடிப் பாருங்கள். மேலே அடர்ந்த படலமும் கீழே நார்களும் ஒன்றோடொன்று கலந்து இறங்கினால் முழுத் தோல். படலம் தனியாக, மேலே ஒட்டியதுபோல் தெரிந்தால் பூச்சு. விரலால் அழுத்தினால் முழுத் தோலில் நுண்சுருக்கங்கள் ஒழுங்கின்றிப் பரவும், பூசியதில் ஒரே சீராகக் குழி விழும்.

தையலைப் பார்க்கும் கண் திருப்பூருக்கு இயல்பிலேயே உண்டு. ஆனால் தோலைப் பொறுத்தவரை அந்தக் கண்ணுக்கு ஒரு திருத்தம் தேவை. பின்னல் துணிக்குப் போடும் ஊசியின் முனை உருண்டை. அது நூலை ஒதுக்கிக்கொண்டு இறங்கும், துணி காயப்படுவதில்லை. தோல் ஊசியின் முனை வெட்டும் முனை. ஒவ்வொரு தையலும் தோலில் ஒரு நிரந்தர வெட்டு. ஆகவே பனியனில் அங்குலத்துக்குத் தையல் கூடினால் உறுதி கூடும் என்ற அனுபவம் ஓர் எல்லைக்கு மேல் இங்கே தலைகீழாகிறது. மிக நெருங்கிய தையல், தபால்தலைகளைக் கிழித்தெடுக்கத் துளையிட்ட வரிசையைப்போலத் தோலை ஆக்கிவிடும். பிரித்துத் திரும்பத் தைத்த தடம், அதாவது பயன்படாத ஊசித் துளைகள், எங்காவது தெரிந்தால் அந்த ஜோடியை வாங்கக் கூடாது. பனியனில் அது செகண்ட்ஸ். இங்கே அது கிழியப்போகும் இடம். நெருக்கமான ஒற்றை வரிசையைவிட, அளவான இடைவெளியுடன் இரண்டு இணை வரிசைகள் மேல். முக்கியமான கேள்வி, தையல் எங்கே ஓடுகிறது என்பது. உள்ளங்கையின் அடிப்பகுதியிலும், சுண்டுவிரலின் வெளிப்பக்கமாக இறங்கும் ஓரத்திலும்தான் தரை முதலில் உரசும். அங்கே தையல் வெளியே தெரியாமல், ஒற்றைத் துண்டாகவோ மேலே இன்னொரு தோல் அடுக்கோடோ இருக்க வேண்டும். விரல் நுனிகளில் தையல் வெளியே இருப்பதில் குறையில்லை. உள்ளே மடித்துத் தைத்தால் நகத்தை அழுத்தும். நூல் நைலானோ பாலியெஸ்டரோ ஆக இருக்க வேண்டும். பருத்தி நூல் வியர்வையில் மக்கிவிடும். நூலின் முனையை எரித்து வகை கண்டுபிடிப்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சோதனை: தொங்கும் நுனி ஒன்று கிடைத்து, அது உருகி மணியாகத் திரண்டால் நல்லது, காகிதம்போல் எரிந்து சாம்பலானால் வேண்டாம்.

இனிப் பொருத்தம். இன்ச் டேப் இல்லாத வீடு வேலம்பாளையத்தில் குறைவு. கட்டைவிரலைச் சேர்க்காமல், விரல் கணுக்களை ஒட்டி உள்ளங்கையைச் சுற்றி அளந்தால் வரும் அங்குலமே ஐரோப்பிய அளவெண்: ஏழு அங்குலம் என்றால் 7, எட்டு என்றால் 8. நீளமும் பார்க்க வேண்டும். 7ஆம் அளவு 178 மில்லிமீட்டர் சுற்றும் 171 மில்லிமீட்டர் நீளமும் உள்ள கைக்கு. 8 என்றால் 203, 182. 9 என்றால் 229, 192. எஸ், எம், எல் என்ற எழுத்துகள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அவற்றை மட்டும் நம்ப வேண்டாம். பெண்களில் பலருடைய கை 6க்கும் 7க்கும் இடையில் இருக்கும். கடைகளில் பெரும்பாலும் எம்மிலிருந்துதான் சரக்கு இருப்பதால், பெரிய அளவைத் தலையில் கட்ட விடாமல் சிறியதைக் கேட்டு வரவழைக்க வேண்டும். பின்னல் துணியில் நெகிழ்வுக்கென்று அளவைக் குறைத்து வெட்டுகிறோம், துவைத்தால் மீளும். தோல் மீளாது. பழகப் பழக அது அகலவாக்கில் சற்று இளகும், நீளவாக்கில் இளகாது. ஆகையால் புதிதில் அகலம் கொஞ்சம் இறுக்கமாக இருக்கலாம், விரல் நீளம் ஒருபோதும் குறையக் கூடாது. நேராக நீட்டிய கையில் வைத்துப் பார்ப்பது பயனற்றது. உங்கள் வண்டியின் ஹேண்டில்பாரைப் பிடித்துப் பாருங்கள், கிளட்ச்சையும் பிரேக்கையும் பலமுறை அழுத்துங்கள். விரல் நுனி தையலில் முட்டக் கூடாது. உள்ளங்கையில் தோல் திரண்டு மடிப்பாகக் கூடாது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட கவட்டில் இழுப்பு இருக்கக் கூடாது. உள்ளே திரளும் மடிப்பு, அரைமணி ஓட்டத்தில் மரமரப்பையும் புஷ்பா ரவுண்டானா நெரிசலில் கொப்புளத்தையும் தரும். விரல்கள் ஏற்கெனவே சற்று வளைந்த நிலையில் வெட்டித் தைத்த கையுறை, ஒவ்வொரு பிடிக்கும் கை செலவிடும் வலுவைக் குறைக்கும்.

பொருத்தத்தின் மறுபாதி மணிக்கட்டுப் பட்டை. கையுறை எவ்வளவு தடித்திருந்தாலும், தரையில் உரசும் முதல் இழுப்பிலேயே கழன்றுவிட்டால் என்ன பயன்? தரச் சோதனையில் பட்டையை மாட்டியபின் முதல் நிலைக்கு 25 நியூட்டன், இரண்டாம் நிலைக்கு 50 நியூட்டன் இழுவைக்குக் கையுறை கழலாமல் நிற்க வேண்டும். அதாவது ஏறத்தாழ இரண்டரை கிலோ, ஐந்து கிலோ. கடையில் நீங்களே செய்து பார்க்கலாம். பட்டையை மாட்டிக்கொண்டு, மறு கையால் விரல் நுனிகளைச் சேர்த்துப் பிடித்துத் தயங்காமல் இழுங்கள். கழன்று வந்தால் அதைக் கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். மற்ற சிறப்புகளைக் கேட்க வேண்டியதே இல்லை. பட்டை, கையின் பருத்த பகுதிக்குக் கீழே மணிக்கட்டின் ஒடுங்கிய இடத்தில் விழ வேண்டும், வெல்க்ரோ முழு அகலத்துக்கும் ஒட்ட வேண்டும்.

கடைக்காரர்கள் முதலில் காட்டுவது கணுக்களின் மேல் பதித்த கடினமான ஓட்டை. கார்பன் என்பார்கள், கையால் தட்டிக் காட்டுவார்கள். கணுக்காப்பு நல்லதுதான், காரின் பக்கக் கண்ணாடியிலோ மற்றொரு வண்டியின் ஹேண்டிலிலோ கை இடிபடும்போது உதவும். ஈஎன் 13594 அதை முதல் நிலைக்குக் கட்டாயமாக்கவில்லை, இரண்டாம் நிலைக்கு மட்டுமே கட்டாயம். சாலையில் பெரும்பாலும் முதலில் தரை தொடுவது கையின் உட்பக்கம். ஆகவே காசு குறைவாக இருந்தால் அதை உள்ளங்கைக்கும் பட்டைக்கும் கொடுங்கள். உள்ளங்கையின் அடியில், மணிக்கட்டுக்குச் சற்று மேலே, வழுக்கும் தன்மையுள்ள கடினமான துண்டு பதித்த கையுறைகள் கிடைக்கின்றன. கை தரையைப் பற்றிக்கொண்டு மணிக்கட்டு பின்னோக்கி முறுக்கப்படாமல், சறுக்கிச் செல்ல அது உதவும் என்பது அந்த அமைப்பின் நோக்கம். முன்சொன்ன சிற்றெலும்பை நினைத்தால், கணு ஓட்டைவிட இந்தத் துண்டையே நான் முதலில் தேடச் சொல்வேன்.

வெயில்தான் எல்லோரும் சொல்லும் மறுப்பு, அது நியாயமானதும்கூட. சித்திரை வெயிலில் தோல் கையுறையா என்று கேட்பவருக்கு, பழகிவிடும் என்று பதில் சொல்வது அவரை ஏமாற்றுவதாகும். அமைப்பைப் பார்த்து வாங்குவதே பதில். கையின் மேற்புறத்திலும் விரல்களின் மேற்பக்கத்திலும் நுண்துளையிட்ட தோலோ வலைத்துணியோ இருந்தால், வண்டி ஓடும்போது காற்று நுழையும். விரல்களின் பக்கவாட்டுத் துண்டுகளில் நெகிழும் துணி இருக்கலாம், சுண்டுவிரலின் வெளிப்பக்கத்தில் மட்டும் கூடாது. உள்ளங்கையில் துளையே இருக்கக் கூடாது. மணிக்கட்டோடு முடியும் குட்டைக் கையுறை நகர ஓட்டத்துக்குப் போதும். மணிக்கட்டுக்கு மேல் ஏறும் நீளமானது அவிநாசியைத் தாண்டி நான்குவழிச் சாலையில் ஓடுகிறவருக்கு. உள்துணி இல்லாத உள்ளங்கை குளிர்ச்சியானது, பிடிக்கும் உணர்வும் நன்றாகத் தெரியும். உள்துணி இருந்தால், கையைச் சற்று ஈரமாக்கி மாட்டிக் கழற்றிப் பாருங்கள். விரல்களோடு உள்துணி வெளியே உருவிக்கொண்டு வந்தால், வியர்த்த கையில் அது தினசரித் தொல்லை. அந்தத் தொல்லைக்காகவே கையுறை வீட்டில் தங்கிவிடும். மழைநீர் புகாத படலம் வைத்த கையுறை வேண்டாம் என்பது என் கருத்து. இங்கே மழை நாள்கள் குறைவு, அந்தப் படலம் தரும் புழுக்கமோ ஆண்டு முழுவதும்.

தரச் சான்று பற்றித் திருப்பூருக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஓகோ-டெக்ஸ் அட்டையை எந்தத் துணியிலும் தொங்கவிட முடியாது, அதன் பின்னால் சோதனை அறிக்கையும் எண்ணும் இருக்க வேண்டும் என்பது இங்கே கணக்குப் பிரிவில் இருப்பவருக்கும் தெரியும். அதே கண்டிப்பைக் கையுறையிடமும் காட்டலாம். இந்தியாவில் தலைக்கவசத்துக்கு ஐஎஸ் 4151 தரம் கட்டாயம். 2021 ஜூன் முதல் அந்த முத்திரை இல்லாததை விற்க முடியாது. ஓட்டுகிறவரின் கையுறைக்கு அப்படியொரு கட்டாயம் இல்லை, ஆகவே கையுறை என்ற பெயரில் எதையும் விற்கலாம். உள்ளே தைத்த சீட்டில் மோட்டார் சைக்கிள் ஓட்டியின் சிறு படம், ஈஎன் 13594 என்ற எண், 1 அல்லது 2 என்ற நிலை, முதல் நிலையில் கணுக்காப்பும் தேறியிருந்தால் கேபி என்ற எழுத்துகள் ஆகியவை இருக்க வேண்டும். சுத்தியல் படமும் ஈஎன் 388 என்ற எண்ணும் இருந்தால், அது தொழிற்சாலைக் கையுறைக்கான தரம். பொய்யல்ல, ஆனால் கழலாமல் நிற்கும் சோதனை அதில் இல்லை. வெறும் சிஇ என்ற இரண்டு எழுத்துகள் மட்டும் இருந்தால், எந்தத் தரத்தின்படி என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் சான்றும் இல்லை. சான்று பெறாத நல்ல கையுறைகளும் உண்டு என்பது உண்மை. அவற்றை அடையாளம் காணத்தான் தோல், தையல், இழுவைச் சோதனைகளை முன்னால் விரிவாகச் சொன்னது.

கையின் தோலோடு மணிக்கணக்கில் ஒட்டிக் கிடக்கும் பொருள் என்பதால் சாயத்தையும் பார்க்க வேண்டும். வெள்ளை பனியன் வேஸ்ட் துண்டை நனைத்துப் பிழிந்து, கையுறையின் உட்பக்கத்தில் பத்து முறை அழுத்தித் தேயுங்கள். சாயப்பட்டறையில் செய்யும் அதே உரசல் சோதனைதான். துண்டு கறுத்தால் உங்கள் கையும் கறுக்கும். குரோமியத்தில் பதனிட்ட தோலில், பதம் தவறினால் ஆறு இணைதிறன் குரோமியம் உருவாகும். அது தோல் ஒவ்வாமையைத் தூண்டுவது, ஐரோப்பாவில் கிலோவுக்கு மூன்று மில்லிகிராமுக்கு மேல் 2015 முதல் அனுமதி இல்லை. சான்று பெற்ற கையுறையை விரும்புவதற்கு இது இன்னொரு காரணம். தோல் வேண்டாம் என்பவர்களின் மறுப்பையும் மதித்தே பேச வேண்டும். நொய்யலுக்குச் சாயப்பட்டறைகள் செய்ததும் 2011இல் உயர் நீதிமன்றம் அவற்றை மூடச் சொன்னதும் இந்த ஊருக்குத் தெரியும். பாலாற்றுக்குத் தோல் பதனிடும் தொழில் செய்ததைப் பற்றி 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. துணியோ தோலோ, இரண்டுக்கும் ஒரு ஆறு விலை கொடுத்திருக்கிறது. அதனால் வாங்குவதை நெடுநாள் உழைப்பதாக வாங்குவது ஒரு கடமை. மாட்டுத்தோல் மட்டும் ஆகாது என்பவருக்கு ஆட்டுத்தோல் இருக்கிறது. எந்தத் தோலும் ஆகாது என்பவர், அராமிட் இழையால் வலுவூட்டிய உள்ளங்கையோடு அதே ஈஎன் 13594 தேறிய செயற்கைக் கையுறையை வாங்கலாம், சோதனை பொதுவானது. தோல் இல்லையென்பதற்காகக் கையை வெறுமையாக விட வேண்டியதில்லை.

மூன்று கிலோமீட்டர் தூரத்துக்கு இவ்வளவா என்பது கடைசி மறுப்பு. தூரம் குறைவு என்பதால் வேகம் குறைவதில்லை. மேலே பார்த்த பத்து மீட்டர் கணக்கு 40 கிலோமீட்டர் வேகத்துக்கானது, தெருமுனையிலும் அதே வேகம் போகிறோம். விலையைப் பொறுத்தவரை, சான்று பெற்ற தோல் கையுறை ஆயிரங்களில்தான் கிடைக்கும், அது சிறு தொகையல்ல. தலைக்கவசம் நல்லதாக இல்லாதவர் முதலில் அதை வாங்க வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. அதற்குப் பின் மிஞ்சும் பணத்தை, கை கட்டுப்போட்டு வீட்டில் இருக்கும் ஷிப்டுகளின் கூலியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்; நல்ல கையுறை சில ஆண்டுகள் உழைக்கும். கைப்பேசியைத் தொட முடியவில்லை என்ற குறைக்குத் தொடுதிரைக்கு ஒத்துழைக்கும் நுனிகள் வந்துவிட்டன. ஆனால் வண்டி ஓடும்போது கைப்பேசியைத் தொட முடியாமல் இருப்பதைக் குறையாகக் கருத எனக்கு மனம் வரவில்லை.

வாங்கியபின் கவனிப்பு எளிது. நனைந்தால் நிழலில், காற்றோட்டத்தில் உலர்த்த வேண்டும். வெயிலிலோ சூடான எஞ்சின் மேலோ வைத்தால் ஈரத்தோல் சுருங்கி விறைக்கும், அளவு போய்விடும். வாஷிங் மெஷின் கூடாது. ஈரத்துணியால் துடைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை தோலுக்கான கிரீமைக் கொஞ்சமாகத் தடவினால் போதும். எண்ணெயைத் தாராளமாக ஊற்றினால் தோல் தளர்ந்து பொருத்தம் குலையும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பாலித்தீன் பையில் கட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும், துணிப்பையில் வையுங்கள். பனியன் கம்பெனிக்குப் போய்வருகிறவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது வெல்க்ரோவை. பறக்கும் பஞ்சு அதன் கொக்கிகளில் அடைந்தால் பட்டை ஒட்டுவதுபோல் தெரியும், இழுத்தால் வந்துவிடும். பழைய பல்துலக்கியால் மாதம் ஒருமுறை சுத்தம் செய்து, இழுவைச் சோதனையைத் திரும்பச் செய்து பாருங்கள். உள்ளங்கைத் தோல் மெலிந்து வெளிச்சம் தெரிந்தாலோ, சுண்டுவிரல் ஓரத் தையல் ஓரிடத்தில் விட்டாலோ மாற்ற வேண்டும். ஒருமுறை விழுந்து உரசியிருந்தால், மேலே கீறல் மட்டும் தெரிந்தாலும், தையல் துளைகள் இழுபட்டுப் பெரிதாகியிருக்கலாம். அதை ஒட்டி மீண்டும் தைத்துத் தருவதாகச் சொன்னாலும் ஏற்க வேண்டாம். ஊசி மறுபடி இறங்கும் இடத்தில் புதிய வெட்டு விழுகிறது. ஒரு கை மட்டுமே உரசியிருந்தாலும் ஜோடியாக மாற்றிவிடுங்கள்.